கைப்பிடியில் சாய்ந்தவர்

துறைமுகத்து நடைபாலத்தில் இருந்த இரும்புக் கைப்பிடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஃபைபர் கைப்பிடி மாட்டிவிட்டார்கள். நல்ல மஞ்சள் நிறம். துரு ஏறாது, பெயிண்ட் வேண்டாம் என்கிறார்கள். அதை ஒட்டி எங்கள் பராமரிப்புப் பிரிவில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் ஒரு நினைவு மலர் போடப் போகிறார்களாம். "அண்ணாச்சி, சர்வீஸ் பூரா கம்பி தேச்சவரு நீங்க. பழைய கைப்பிடியப் பத்தி நாலு பக்கம் எழுதித் தாங்க" என்று கேட்டார்கள். பிரிவு உபசார விழாவில் பேசுகிற மாதிரி ஏதாவது இனிப்பாக எதிர்பார்க்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

இனிப்பாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. இரும்பு போனதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். சனியன் ஒழிந்தது என்றுதான் இருந்தது. அந்தக் கைப்பிடியில் எங்கள் போர்மேன் செத்தார். அவர் சாவுக்கு அவரே காரணம் என்று எழுதி மூடிவிட்டார்கள். என்னை எழுதச் சொன்னால் நான் அதைத்தான் எழுதுவேன். மலரில் போடுவதும் போடாததும் உங்கள் பாடு.

எனக்குச் சொந்த ஊர் ஸ்ரீவைகுண்டத்துக்குப் பக்கம். ஆற்றுத் தண்ணீர் ஊர். அங்கே வாசலில் ஒரு இரும்புக் கேட் போட்டால், போட்டவன் காலம் முடிந்த பிறகும் கேட் நிற்கும். துறைமுகத்தில் பெயிண்டராகச் சேர்ந்த புதிதில், போன மாதம் அடித்த கம்பியில் இந்த மாதம் கொப்புளம் கிளம்புவதைப் பார்த்து, என் கையில்தான் கோளாறு என்று பயந்துபோனேன். பிறகுதான் புரிந்தது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம், நடுவில் நிலக்கரித் தூசி, உரத் தூசி. கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் சும்மா நின்றாலே உதடு கரிக்கும். அந்த இடத்தில் இரும்பு பாவம் என்ன செய்யும்? ஒரு கோடியில் சுரண்டத் தொடங்கி மறு கோடி போய்ச் சேர்வதற்குள் தொடங்கிய இடம் சிவந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. இதற்குப் பெயர்தான் எங்கள் உத்தியோகம். பயிற்சி என்று ஒரு வருஷம் வைத்திருந்தார்கள். வாளி தூக்கியதையும் வசவு வாங்கியதையும் தவிர அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

வசவு தந்தவர் போர்மேன் ராயப்பன் அண்ணாச்சி. கடற்கரைத் தெருக்காரர். அவருடைய தாத்தா முத்துக் குளித்தவர் என்று சொல்வார்கள். குட்டையான ஆள், தடித்த கழுத்து, சட்டைக்குள் ஜெபமாலை, பையில் பேனாவுக்குப் பதில் ஒரு சின்னச் சுத்தியல். சத்தம் போட்டுத் திட்டவே மாட்டார். பக்கத்தில் வந்து காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொல்வார். அதற்கு நாலு பேர் முன்னால் ஒரு அறை வாங்கிக்கொள்ளலாம் என்றிருக்கும்.

அவர் வேலை வாங்கிய விதத்தை விவரமாகச் சொல்ல வேண்டும். அதில்தான் அவர் உயிர் போனது.

முதலில் கழுவ வேண்டும். நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்து நிற்கிற ஊர் இது. "கம்பி குளிக்கதுக்கு நல்ல தண்ணியாவே?" என்று ஸ்டோரில் கேலி பேசுவார்கள். பாலத்தின் ஓரத்திலேயே தீயணைப்புக் குழாய் இருக்கிறது. திறந்தால் கடல் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். சோம்பேறிக்கு அது போதும். அண்ணாச்சி விடமாட்டார். தண்ணீர் வண்டி வரும்வரை எங்களைச் சும்மா உட்கார வைப்பாரே தவிர அந்தக் குழாயைத் திறக்க விடமாட்டார். கழுவி முடித்ததும் வருவார். ஈரக் கம்பியில் விரலை ஓட்டுவார், கண்ணை மூடிக்கொண்டு விரலை நாக்கில் வைப்பார். காக்கை எச்சம் விழுந்த கம்பி, யார் யாரோ தொட்ட கம்பி, எங்களுக்குக் குமட்டும். அவருக்கு ஒன்றும் தோன்றாது.

"கரிக்கு. திரும்பக் கழுவு."

"ரெண்டு தடவ கழுவியாச்சு அண்ணாச்சி."

"உப்பு மேல பெயிண்ட் அடிக்கது, புண்ணு மேல சட்ட போடுத மாதிரில. வெளிய தெரியாது. உள்ள இருந்து தின்னும்."

வீட்டிலும் இதே கதைதான். அவர் மனைவி லூர்து மைனி எங்களுக்குச் சில நாள் மீன் குழம்பு கொடுத்துவிடுவார். "நான் வைக்க கொழம்புல உப்பு கொறஞ்சா இந்த மனுசனுக்குத் தெரியாது. சன்னல் கம்பியில இருந்தா மட்டும் தெரிஞ்சிரும். தெனமும் காலையில அத நக்கிப் பாத்துட்டுத்தான் காப்பி குடிக்காரு" என்று மைனி சொல்ல, அண்ணாச்சி காது கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

கழுவிய பிறகு கால்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். கைப்பிடியைத் தாங்கி நிற்கிற கம்பிகளைத்தான் கால் என்போம். கம்பி நடுவில் சாகாது, காலில்தான் சாகும். கான்கிரீட்டுக்குள் இறங்குகிற இடத்தில் தண்ணீர் தேங்கும், அங்கே அரிக்கும். சுத்தியலால் தட்டினால் நல்ல கால் 'ணங்' என்று பேசும். கெட்டது 'தொக்' என்று முனகும். முனகினால் அறுத்துவிட்டு வேறு கால் போட்டே ஆக வேண்டும். அதற்குப் பிறகுதான் உளி, பிரஷ், ரெட் ஆக்சைடு அடிப்பூச்சு, பெயிண்ட் எல்லாம். ரெட் ஆக்சைடை அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள் அடித்துவிட வேண்டும். பனி இறங்கிய கம்பியில் பிரஷ் வைத்தவனை அவர் மன்னித்ததில்லை.

கடைசியாகச் சாய்ந்து காட்ட வேண்டும். இது எந்தப் புத்தகத்திலும் கிடையாது. அவரே கண்டுபிடித்ததா, அவருக்கு முன்னால் இருந்தவர் வைத்த வழக்கமா என்றும் எனக்குத் தெரியாது. எந்தக் கைப்பிடிக்கு நீ பெயிண்ட் அடித்தாயோ, அதில் நீயே கடலுக்கு முதுகைக் காட்டி, முழுப் பாரத்தையும் போட்டுச் சாய வேண்டும். இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையைப் பாலத்து வளையத்தில் மாட்டிவிடுவோம். அண்ணாச்சி எதிரே நின்று கம்பியைப் பார்க்காமல் நம் முகத்தைப் பார்ப்பார்.

"பயப்படுதியோ? அப்போ ஒன் வேலையில ஏதோ கெடக்கு. போய்ப் பாரு."

அந்த நடைபாலம் கப்பலைக் கயிறு போட்டுக் கட்டுகிற மேடைக்குப் போகிற வழி. கயிறு இழுக்கும் ஆட்கள் கப்பல் வரும்போது அந்தக் கைப்பிடியில் முதுகைக் கொடுத்துத்தான் பெரிய வடத்தை இழுப்பார்கள். கீழே கடலும், பாலத்துத் தூண்களின் கான்கிரீட் திட்டுகளும். "அவனுவ நம்மள நம்பிச் சாயுதானுவ. மொதல்ல நாம சாயணும்லா" என்பார் அண்ணாச்சி. இதற்கு நாங்கள் என்ன மறுப்புச் சொல்ல முடியும்?

நாங்கள் எல்லாரும் சாய்ந்து முடித்த பிறகு அவர் ஒருமுறை சாய்வார். கயிறு கட்டமாட்டார். எங்களில் காதர் என்று ஒருவன், கொஞ்சம் துணிச்சல்காரன், ஒருநாள் கயிறில்லாமல் சாயப்போய் ஒரு வாரம் பாலத்துக்கே வரக்கூடாது என்று தண்டனை வாங்கினான். ஆனால் அவர் மட்டும் கட்டமாட்டார். நான் கேட்டேன். "கயித்தக் கட்டிக்கிட்டுச் சாஞ்சா, ஒங்க வேலைய நான் நம்பலன்னுல்லா அர்த்தம்" என்றார். அதைக் கேட்டு எங்களுக்குத் தலைகால் புரியாத பெருமை. மடையர்கள்.

அண்ணாச்சிக்குச் சர்வீஸ் சில வருஷமே மிச்சம் இருந்த சமயம், நடைபாலத்து வேலையை வெளி ஆட்களுக்குக் கான்ட்ராக்ட் விட்டார்கள். வேகமாகச் செய்தார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. தீயணைப்புக் குழாயைத் திறந்து கடல் தண்ணீரால் பாலத்தையே குளிப்பாட்டினார்கள். கெட்டுப்போன கால்களை அறுக்கவில்லை. காலைச் சுற்றி அடியில் உலக்கைப் பூண் மாதிரி சிமெண்டைப் பிடித்து வைத்து, மேலே பெயிண்டை அடித்துவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கல்யாண வீடு மாதிரி பளபளவென்று இருந்தது.

வேலை முடிந்ததற்கு மறுநாள் மேலிடத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி பார்வையிட வருகிறார். அதற்குள் வேலை சரி என்று போர்மேன் சொல்லிவிட வேண்டும். எங்கள் என்ஜினீயர், கான்ட்ராக்ட் சூப்பர்வைசர், அண்ணாச்சி, காதர், நான் எல்லாரும் பாலத்தில் நின்றோம். நல்ல வெயில். அண்ணாச்சி குனிந்து தட்டினார். சிமெண்டில் தட்டினால் சிமெண்ட்தானே பேசும்? இரும்பு வாயே திறக்கவில்லை.

"இந்தப் பூண ஒடைங்க சார். உள்ள கால் இருக்கான்னு பாக்கணும்" என்றார்.

"இப்ப ஒடைச்சா நாளைக்கு அசிங்கமாத் தெரியும் ராயப்பன். அவர் பாத்துட்டுப் போகட்டும். அடுத்த வாரம் ஒடைச்சுப் பாப்போம்" என்றார் என்ஜினீயர். கெட்ட மனிதர் இல்லை. அவருக்கு மேலே ஒருத்தர், அந்த ஒருத்தருக்கு மேலே இன்னொருத்தர்.

"அப்போ அடிச்சவன் சாயட்டும்."

பெயிண்ட் அடித்த ஆட்கள் வடக்கே எங்கிருந்தோ வந்தவர்கள். அண்ணாச்சி சைகையில் சொன்னது புரிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்கள். சூப்பர்வைசர், "இதெல்லாம் அக்ரிமெண்ட்ல இல்ல சார்" என்றார்.

"ஒருத்தனும் சாயமாட்டான். சரி, நான் சாயுதேன்" என்றார் அண்ணாச்சி.

கயிறு என் தோளில் இருந்தது. "அண்ணாச்சி, கயிறு" என்று நீட்டினேன். கையாலேயே வேண்டாம் என்றார். எங்கள் வேலையை நம்பிக் கயிறு கட்டாதவர், நம்பாத வேலையிலும் ஏன் கட்டவில்லை என்று என்னை நானே எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். கோபமாக இருக்கலாம். என்ஜினீயர் முன்னால் பயந்தவன் மாதிரித் தெரியக்கூடாது என்ற வீம்பாக இருக்கலாம். பழக்கமாகவும் இருக்கலாம், பழக்கத்துக்கு அறிவு கிடையாது. முதல் காலைக் கையால் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை, பூண் இறுக்கிப் பிடித்திருந்தது. முதுகைக் கொடுத்துச் சாய்ந்தார். தாங்கியது. அடுத்ததிலும் தாங்கியது. அதற்கடுத்ததிலும் தாங்கவே, சூப்பர்வைசர் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. நான் கயிற்றோடு அவர் கூடவே நடந்தேன்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. முருங்கைக் கிளை ஒடிகிற சத்தம்தான். கைப்பிடியும் அவரும் ஒன்றாகப் போனார்கள். என் கை நீண்டது எனக்கு நினைவிருக்கிறது. எதையும் பிடித்த நினைவு இல்லை.

காதர் அப்படியே குதித்துவிட்டான். மேலே தூக்கியபோது அண்ணாச்சிக்கு உயிர் இல்லை. முத்துக் குளித்த வம்சம். தண்ணீர் அவரை ஒன்றும் செய்திருக்காது. விழுகிறபோது தூண் திட்டில் தலை அடித்துவிட்டது. பெயிண்ட் காயாத கம்பித் துண்டு ஒன்று அவர் சட்டையில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தது.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் விசாரணை வைத்தார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் மைனி என்னை வரச் சொன்னார். வீட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் அண்ணாச்சி படம் ஏறியிருந்தது.

"முத்து, அவரு குடிச்சிருந்தாருன்னு பேசிக்கிடுதானுவளாம். அஜாக்கிரதையா இருந்து செத்தாருன்னு எழுதப் போறானுவளாம். பணம் எப்படியும் வந்துரும், அது பெருசில்ல. ஊரெல்லாம் ஜாக்கிரத சொன்ன மனுசன் தலையில அந்தச் சொல்லு விழக்கூடாது."

"நான் சொல்லுதேன் மைனி. நடந்தத எல்லாம் சொல்லுதேன்."

"நடந்தது வேண்டாம். கயிறு கட்டியிருந்தாரு, அவுந்துட்டுன்னு சொல்லு. ஒரே ஒரு சொல்லு. சொல்லுவியா?"

மைனி கொடுத்த காப்பி ஆறிப்போனது. எழுந்து வந்துவிட்டேன்.

விசாரணையில் மூன்று பேர். மரியாதையாகத்தான் நடத்தினார்கள். உட்காரச் சொல்லி டீ கொடுத்தார்கள். எடுத்த எடுப்பில் கேட்டது அதைத்தான். "பாதுகாப்புக் கயிறு கட்டியிருந்தாரா?"

கயிறு என் தோளில் கிடந்ததை அங்கே நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். நான் பொய் சொன்னால் அடுத்து வருகிறவன் உடைத்துவிடுவான். பிறகு பூணைப் பற்றி நான் சொல்வதை எவன் நம்புவான்? இதில் உண்மை சொன்னால் அதையும் உண்மை என்று எடுத்துக்கொள்வார்கள் என்று கணக்குப் போட்டேன். "இல்ல சார். கட்டல. கயிறு என் தோள்ல இருந்தது" என்றேன். அது மளமளவென்று எழுதப்பட்டது. பிறகு கடல் தண்ணீரில் கழுவியதை, காலை அறுக்காமல் பூண் போட்டதை, உடைக்கச் சொல்லியும் உடைக்காததை, எல்லாவற்றையும் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அது வேலைத் தரம் சம்பந்தப்பட்டது. அதைத் தனியா விசாரிப்போம்" என்றார் நடுவில் இருந்தவர். அந்தத் தனி விசாரணை இன்றைக்கு வரைக்கும் நடந்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

விதியில் இல்லாத செயலில், கயிறின்றி ஈடுபட்டு, தன் கவனக்குறைவால் இறந்தார். இவ்வளவுதான் முடிவு. ஒடிந்த இடத்தில் மட்டும் புதுக் கால் போட்டார்கள். மற்றப் பூண்களை யாரும் தொடவில்லை. சாய்ந்து பார்க்கும் வழக்கத்தை அன்றோடு தடை செய்தார்கள். பாலத்து வாசலில் ஒரு போர்டு வைக்கச் சொன்னார்கள். 'கைப்பிடியில் சாயாதீர்.' அந்தப் போர்டை எழுதியது நான். பெயிண்டர் நான்தானே, வேறு யார் எழுதுவார்? கயிறு இழுக்கிறவர்கள் அதைப் படித்துவிட்டு, "சாயாம எப்படி அண்ணாச்சி வடத்த இழுக்க? பல்லால இழுக்கவா?" என்று கேட்டார்கள். உள்பக்கமாக நில்லுங்கள், உள்பக்கமாக நில்லுங்கள் என்று ஒவ்வொருத்தனிடமும் சொல்லிச் சொல்லி என் மிச்ச சர்வீஸ் கழிந்தது. வேறு ஆள் யாரும் விழவில்லை. அதற்குக் காரணம் எந்த மனிதனும் இல்லை.

மைனி என்னோடு பேச்சை நிறுத்தினார். ஓராண்டு நினைவுப் பூசைக்குப் போனேன். கோயில் வாசலில் நின்றவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஒன் நாக்குக்கு ஒரு நாளு லீவு குடுக்கக் கூடாதால?" அதற்குப் பிறகு மாதா திருவிழாக் கூட்டத்தில் நேருக்கு நேர் வந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். நான் சொன்னது தப்பு என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதிலும் கிடைத்ததில்லை.

இப்போது நம் பிரிவில் எட்டயபுரத்துப் பெண் ஒருத்தி என்ஜினீயராக இருக்கிறாள். பழைய கைப்பிடியைப் பிடுங்கிய அன்று போன் செய்து, "அண்ணாச்சி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க" என்றாள். போனேன். மிஷின் வைத்துப் பூண்களை உடைத்து, கால்களைக் குவித்துப் போட்டிருந்தார்கள். பெயிண்ட் இருந்த பாகம் விரல் தடிமன். பூணுக்குள் இருந்த பாகம் ஊதுபத்திக் குச்சி. சிலவற்றில் அதுவும் இல்லை, வெறும் செம்மண் மாதிரிப் பொடி. இத்தனை வருஷமும் சிமெண்ட் பிடித்த பிடியில்தான் கைப்பிடி நின்றிருக்கிறது.

"இதப் பிடிச்சுக்கிட்டா ஆளுங்க நடந்தாங்க?" என்று கேட்டாள்.

"போர்டு வச்சிருந்தோம்லாம்மா" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அண்ணாச்சி விசாரணையை மறுபடி திறக்க முடியுமா என்று கேட்டேன். பொய்ச் சமாதானம் சொல்லாத பெண். "அதெல்லாம் முடிஞ்சுபோன பைல் அண்ணாச்சி. அப்ப இருந்தவங்க யாரும் சர்வீஸ்ல இல்ல. நான் எழுதிப் பாக்கேன். ஆனா அத நம்பிக்கிட்டு இருக்காதீங்க" என்றாள். சரி என்று சொல்லிவிட்டு, ஒரு கால் மட்டும் கேட்டு வாங்கினேன். செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு நேரே கடற்கரைத் தெருவுக்குப் போனேன்.

மைனிக்கு வயதாகிவிட்டது. என்னைப் பார்த்ததும் வாசலை அடைக்கவில்லை, வா என்றும் சொல்லவில்லை. நானே உள்ளே போய்ப் பொட்டலத்தை அவர் முன்னால் பிரித்து வைத்தேன்.

"என்னது இது?"

"பாலத்துக் கால் மைனி. அண்ணாச்சி விழுந்ததுக்கு அடுத்தாப்புல நின்னது. பூண இப்பத்தான் ஒடைச்சாங்க."

தடித்த பக்கத்தைத் தடவினார். விரல் அப்படியே இறங்கி, குச்சியான இடத்தில் வந்து நின்றது.

"இப்படியாப்பட்டதுலயா சாஞ்சாரு?"

"ஆமா மைனி."

"கயிறு கட்டியிருந்தா?"

இப்போதாவது நாக்குக்கு லீவு கொடுத்திருக்கலாம். "இருந்திருப்பாரு மைனி" என்றேன்.

மைனி அழவில்லை. ஆட்காட்டி விரலை எச்சிலில் நனைத்து அந்தத் துருவில் அழுத்தினார். விரலை எடுத்து நாக்கில் வைத்தார். அண்ணாச்சி செய்வது போலவே கண்ணை மூடிக்கொண்டார்.

"கரிக்கு" என்றார். "இன்னும் கரிக்குலே."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கை சும்மா இருக்கவில்லை, அந்தக் கம்பியை எடுத்தேன். "குடுங்க மைனி, வீட்டுக்குக் கொண்டுபோயி நல்ல தண்ணியில கழுவி, தேச்சு, ஒரு கோட்டிங் அடிச்சுக் கொண்டாரேன். இப்படியே வச்சா பொடிப்பொடியாப் போயிரும்" என்றேன்.

மைனி என் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டார். எழுந்து போய் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், அண்ணாச்சி படத்துக்கு அடியில் அதை நிறுத்தி வைத்தார். விரிப்பெல்லாம் துரு கொட்டியது.

"கழுவாத முத்து" என்றார். "எல்லாத்தையும் கழுவிட்டானுவ. இது இப்படியே இருக்கட்டும்."